கோட்டா: ஒதுக்கீடா, வரம்பா?

‘வட்டு ஒதுக்கீட்டை முடக்கு.’ நேற்றும் ஒரு கணினி மெனுவில் இதே வரி. ஆங்கிலத்தில் அது ‘டிஸேபிள் டிஸ்க் கோட்டா’. படிப்பவர் என்ன நினைப்பார்? தனக்குத் தந்த இடத்தைப் பறிக்கப் போகிறார்கள் என்றுதான். வங்கிக் கணக்கை முடக்கினால் பணம் எடுக்க முடியாது, சொத்தை முடக்கினால் விற்க முடியாது. ஒதுக்கீட்டை முடக்கினால்? தெரிந்த ஒருவர் அந்தப் பொத்தானைத் தொடவே பயந்து என்னைக் கூப்பிட்டார். உண்மையில் அது செய்வது நேர்மாறான வேலை. கோட்டா என்பது ஒரு பயனர் வட்டில் எவ்வளவு எழுதலாம் என்ற கட்டுப்பாடு. அழுத்தினால் அது விலகும். வட்டில் இடமிருக்கும்வரை யாரும் எவ்வளவும் எழுதலாம். இரண்டு தவறான சொற்கள் சேர்ந்து பொருளையே தலைகீழாக்கிவிட்டன.

கோட்டா லத்தீன் வழி வந்த சொல். ‘குவோட்டா பார்ஸ்’ என்றால் ‘எவ்வளவு பங்கு’. கணினியில் இந்த வசதி 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் இருந்தது. விண்டோஸ் 2000-த்திலும் வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

‘பங்கு என்றுதானே மூலப்பொருள், அப்படியானால் ஒதுக்கீடு சரிதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. கல்வியிலும் வேலையிலும் அது சரி. அங்கே ஓர் இடம் உண்மையிலேயே எடுத்துத் தனியே வைக்கப்படுகிறது. வட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. 100 ஜிபி வட்டில் 20 பயனர்களுக்குத் தலா 10 ஜிபி கோட்டா போட்டுப் பாருங்கள். கூட்டினால் 200 ஜிபி. கணினி முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். யாருக்கும் எதுவும் ஒதுக்கப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பத்துப் பேர் நிரப்பிவிட்டால் பதினோராமவருக்கு ஒரு கோப்புகூடச் சேமிக்க முடியாது. ‘எனக்கு ஒதுக்கிய 10 ஜிபி எங்கே?’ என்று அவர் கேட்டால், கேள்வியில் பிழையில்லை. அவருக்குத் தந்த சொல்லில்தான் பிழை.

உண்மையான ஒதுக்கீடு வேறிடத்தில் இருக்கிறது. லினக்ஸ் வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையை உருவாக்கும்போது, வேறு அமைப்பு தராவிட்டால், 5 விழுக்காடு இடம் ரூட் என்னும் தலைமை நிர்வாகிப் பயனருக்கென எடுத்துவைக்கப்படும். மற்றவர் அதைத் தொட முடியாது. அந்தச் சொல்லைக் கோட்டாவுக்குத் தாரை வார்த்துவிட்டு இதை என்னவென்று சொல்வது? ‘பங்கீடு’ என்பவர்களுக்கும் இதே பதில்தான். கோட்டா பைட்டுகளை மட்டுமல்ல, கோப்புகளின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தும். ‘கோப்பு எண்ணிக்கை ஒதுக்கீடு’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

நான் சொல்வது வரம்பு. வயலின் வரப்பும் இதுவும் ஒரே சொல்தான். வரப்பு நீரைத் தருவதில்லை, நீர் தன்னைத் தாண்டாமல் நிறுத்துகிறது. கோட்டா செய்வதும் அவ்வளவே. ‘வட்டு வரம்பு மீறப்பட்டது’ என்ற செய்திக்கு விளக்கவுரை தேவையில்லை.

இதன் உட்பிரிவுகளையும் பலர் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘மென் வரம்பு’, ‘வன் வரம்பு’ என்கிறார்கள். வரம்பில் மென்மை ஏது? முதலாவதைத் தாண்டினால் எச்சரிக்கை, இரண்டாவதைத் தாண்டவே முடியாது. ஆகவே எச்சரிக்கை வரம்பு, இறுதி வரம்பு. எச்சரிக்கை வரம்பைத் தாண்டியவர் இடத்தைக் குறைத்துக்கொள்ளத் தரப்படும் நாள்கள், லினக்ஸில் வழக்கமாக 7, ‘கருணைக் காலம்’ ஆகிவிட்டன. தவணை என்ற நல்ல சொல் இருக்கும்போது கருணை எதற்கு?

இனி வினைச்சொற்கள். ‘எனேபிள்’ என்பதற்கு வைத்த ‘இயலுமைப்படுத்து’ என்பதை ஒரே மூச்சில் படிக்க இயலுமா? ‘முடக்கு’வின் கதையைப் பார்த்தோம். ‘நீக்கு’ என்பதும் பொருந்தாது. லினக்ஸில் கோட்டாவை நிறுத்தும் கோட்டாஆஃப் கட்டளை கொடுத்தால் நீங்கள் போட்ட எண்கள் அழிவதில்லை, அவற்றைச் செயல்படுத்துவது மட்டுமே நிற்கிறது. கோட்டாஆன் கொடுத்தால் அதே எண்கள் திரும்பவும் நடைமுறைக்கு வரும். எனவே ‘வரம்பை நடைமுறைப்படுத்து’, ‘வரம்பை நிறுத்திவை’. யார் எவ்வளவு இடம் பிடித்தார் என்ற கணக்கைத் தனிக் கோப்பில் வைக்கும் பழைய வகையில் இன்னொன்றும் உண்டு: நிறுத்திவைத்த நாள்களில் யாரும் கணக்கெடுப்பதில்லை. திரும்பத் தொடங்குமுன் கோட்டாசெக் கட்டளையை ஓட்டி மறுகணக்கு எடுக்க வேண்டும். ‘முடக்கு’ என்று படித்தவருக்கு இது தோன்றவே தோன்றாது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் வெறும் சொற்பட்டியலைக் கொடுத்துவிடுகிறார்கள், அவர்களும் அகராதியின் முதல் பொருளை எடுத்து நிரப்பிவிடுகிறார்கள். ஒரு சோதனைக் கணினியில் இரண்டு பயனர்களை உருவாக்கி, வரம்பு போட்டு, மீறி, நிறுத்திப் பார்க்க அரை மணிநேரம்கூட ஆகாது.