தொடுவானத்தை இடம் மாற்றாதீர்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வந்த சித்திரத் தொடர் ஒன்றை என் மாணவி வகுப்புக்கு எடுத்து வந்தாள். கடற்கரையில் கணவனும் மனைவியும் வாக்குவாதம் செய்கிறார்கள். பின்னால், அதே தரையில், ஒரு காவலர் நிற்கிறார். தொடுவானக் கோடு கணவனின் இடுப்பை வெட்டிச் செல்கிறது. காவலருக்கோ அது தொப்பிக்கும் மேலே போகிறது. கணக்குப் பார்த்தால் அந்தக் காவலர் மூன்று அடி உயரம்கூட இல்லை. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் இந்த மாதத்தில் மட்டும் இப்படி நான் பார்க்கும் நான்காவது படம் இது என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

"தூரத்தில் இருப்பதைச் சிறிதாக வரைந்தால் போதும்" என்ற பாதி உண்மைதான் இத்தனைக்கும் காரணம். எவ்வளவு சிறிதாக, எந்தக் கோட்டை ஒட்டி என்பதல்லவா கேள்வி? தொடுவானம் என்பது வரைபவர் விரும்பிய இடத்தில் இழுக்கும் கோடு அன்று. பார்ப்பவரின் கண்மட்டமே அது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அருகே நின்றுகொண்டு கடலைப் பாருங்கள். உங்கள் உயரமே உள்ளவர்கள் பக்கத்தில் நின்றாலும் நூறு அடி தள்ளி நின்றாலும், கடல்கோடு அவர்கள் அனைவரின் கண்களையும் ஒட்டியே செல்லும். பிறகு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து பாருங்கள். கோடு இறங்கிவிடும், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இறங்கும். ஒருவருக்கு இடுப்பில் என்றால், அதே உயரமுள்ள, அதே தரையில் நிற்கும் எவருக்கும் இடுப்பில்தான்.

"இது கேலிச்சித்திரம்தானே, மூக்கையே முழ நீளத்துக்கு வரைகிறோமே" என்பார்கள். மூக்கை நீட்டுவது நகைச்சுவைக்காக. காவலரைக் குள்ளமாக்கியது எந்த நகைச்சுவைக்காக? 1754-இல் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் இத்தகைய பிழைகளை வேண்டுமென்றே ஒரே படத்தில் நிறைத்துக் காட்டினார். அதில் ஜன்னலிலிருந்து சாயும் ஒரு பெண், தொலைவிலுள்ள குன்றின்மேல் நிற்பவனின் புகைக்குழாய்க்கு மெழுகுவர்த்தியால் நெருப்புக் கொடுக்கிறாள். அவர் தெரிந்து செய்தார்.

கணினியில் வரைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உருவத்தை நகலெடுத்து, பாதத்தைப் பிடித்துக்கொண்டு சுருக்காதீர்கள்; தொடுவானக் கோட்டின் மேலுள்ள ஒரு புள்ளியை நிலையாக வைத்துச் சுருக்குங்கள். வசன பலூனுக்கு இடம் போதவில்லை என்று ஆட்களை மட்டும் கீழே தள்ளாதீர்கள்.

காப்பி டம்ளரையும் சொல்லிவிடுகிறேன். மேசைமேல் இருக்கும் டம்ளரின் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை மட்டும் நேர்க்கோடாக முடிப்பவர்கள் ஏராளம். கண்மட்டத்திலிருந்து கீழே போகப் போக நீள்வட்டம் அகலமாகத் திறக்கும். ஆகவே அடிப்பகுதி வாயைவிடச் சற்று உருண்டையாக வளைய வேண்டும். ஓரிரு பென்சில் கோடுகளில் திருத்திவிடக்கூடிய பிழை இது. பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன், தயவுசெய்து ஒவ்வொரு கட்டத்திலும் தொடுவானக் கோட்டின்மேல் அளவுகோலை வைத்து, அது யாரை எங்கே வெட்டுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.