நீர்மூழ்கிக் கப்பல் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? காலக்கணக்கும் வடிவமைப்பு முடிவுகளும்

ஐ.என்.எஸ். ஷங்குஷ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் ஜெர்மனியின் கீல் நகரில் கட்டப்பட்டு 1986 நவம்பரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அதைச் சீரமைத்து ஆயுளை நீட்டிக்க, 2023 ஜூனில் மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்துடன் 2,725 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டது. வேலையை முடித்து ஒப்படைக்கக் குறித்த ஆண்டு 2026. நாற்பது வயதுக் கப்பலை மறுபடி கடலுக்கு அனுப்ப இவ்வளவு செலவு செய்ய வேண்டி வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அதன் இடத்துக்கு வர வேண்டிய புதிய கப்பலுக்கு 2023ல் ஒப்பந்தமே ஆகியிருக்கவில்லை.

1999ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த முப்பதாண்டுத் திட்டம் 2030க்குள் 24 நீர்மூழ்கிகளைக் கட்டச் சொன்னது. முதல் ஆறுக்கான ஒப்பந்தம் 2005 அக்டோபரில் கையெழுத்தானது. பிரெஞ்சு ஸ்கார்பீன் வடிவமைப்பு, கட்டுமானம் மும்பையில். முதல் கப்பல் 2012ல் வர வேண்டும். ஐ.என்.எஸ். கல்வரி வந்தது 2017 டிசம்பரில். ஆறாவதான வாக்ஷீர் 2025 ஜனவரியில் சேர்ந்தது. அடுத்த ஆறுக்கான, '75-ஐ' (75-இந்தியா) என்று பெயரிட்ட திட்டத்துக்கு 2021 ஜூலையில்தான் டெண்டர் வெளியானது. மசகான் தளத்தோடும் அதன் ஜெர்மன் கூட்டாளியோடும் பேச்சுவார்த்தை தொடங்கியது 2025 செப்டம்பரில். 2000 ஜூலையில் ரஷ்யாவிலிருந்து சிந்துஷாஸ்த்ரா வந்த பிறகு 2017 வரை, பதினேழு ஆண்டுகள், புதிதாக ஒரு டீசல்-மின் நீர்மூழ்கிகூடச் சேரவில்லை.

2025 தொடக்கத்தில் கையில் இருந்த டீசல்-மின் நீர்மூழ்கிகள் 17. அதைப் பதினேழும் கடலில் இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பங்கு ரோந்தில், ஒரு பங்கு பயிற்சியிலும் சிறு பழுதுபார்ப்பிலும், ஒரு பங்கு பெரிய சீரமைப்பில் என்பது எல்லாக் கடற்படைகளுக்கும் பொதுவான கணக்கு. கப்பல்கள் வயதாக ஆக மூன்றாவது பங்கு வீங்கும். சிந்துகீர்த்தி சீரமைப்புக்காக விசாகப்பட்டினத்தில் 2006ல் கரையேறி 2015ல்தான் திரும்பியது.

காலக்கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். டீசல்-மின் நீர்மூழ்கியின் வடிவமைப்பு ஆயுள் 25 முதல் 30 ஆண்டு. ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து முதல் கப்பல் வர, எல்லாம் சரியாக நடந்தாலே ஏழெட்டு ஆண்டு ஆகும். அதற்கு முன் தேவையை வரையறுத்து, டெண்டர் விட்டு, சோதித்து, விலை பேச நான்கைந்து ஆண்டு. ஆக மொத்தம் 12 ஆண்டு. இப்போதுள்ள கப்பலுக்குப் பதினைந்து வயதாகும்போதே அடுத்ததன் கோப்பு மேசைக்கு வந்துவிட வேண்டும். ஷங்குஷுக்கு அந்த வயது 2001ல் ஆகிவிட்டது.

இனி, கட்டும் தளத்துக்குள் காலம் எங்கே போகிறது என்று பார்க்கலாம்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தம் கூடும். 300 மீட்டரில் ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் 300 டன். அதைத் தாங்கும் உருளைக் கூட்டை வளையம் வளையமாகச் செய்து ஒன்றோடொன்று வெல்டிங் செய்கிறார்கள். வளையம் எவ்வளவு உண்மையான வட்டமோ அவ்வளவு பலம். சில மில்லிமீட்டர் கோணிப்போனாலும் தாங்கும் ஆழம் குறைந்துவிடும். எஃகு சாதாரண எஃகு அல்ல. தகட்டைக் குறித்த வெப்பத்துக்குச் சூடேற்றி, அந்தச் சூடு இறங்காமல் பார்த்துக்கொண்டே வெல்டிங் செய்ய வேண்டும். எலக்ட்ரோடுகளை, அதாவது வெல்டிங் கம்பிகளை, உலர்சூளையில் வைத்து, வேலைக்குத் தேவையான அளவு மட்டும் வெளியே எடுக்க வேண்டும். மும்பையின் ஈரக்காற்றில் எலக்ட்ரோடு சற்று நேரம் வெளியே கிடந்தால் ஈரம் ஏறும். ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகும். வெல்டு ஆறி ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உள்ளே மயிரிழை விரிசல் விடும். வெல்டு முடிந்ததும் எடுத்த படத்தில் அது தெரியாது. அதனால்தான் 48 மணி நேரம் போல் காத்திருந்து, பிறகு அல்ட்ராசோனிக், ரேடியோகிராஃபி என்று தையல் முழுக்கச் சோதிக்கிறார்கள். குறை தெரிந்தால் அரைத்து எடுத்து மறுபடி வெல்டிங், மறுபடி காத்திருப்பு, மறுபடி சோதனை. ஒரே இடத்தை இத்தனை முறைதான் திருத்தலாம் என்று வரம்பும் உண்டு. தாண்டினால் அந்தத் துண்டையே வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

இந்தக் கைத்திறன் சுலபத்தில் வந்துவிடாது, வந்தாலும் வேலை இல்லாமல் நிலைக்காது. ஷங்குஷ் வகையில் இரண்டைக் கீல் நகரிலும் இரண்டை மும்பையிலும் கட்டினார்கள். மும்பையில் கட்டிய ஷல்கி 1992லும் ஷங்குல் 1994லும் சேர்ந்தன. மேலும் இரண்டு கட்ட ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. 1987ல் தரகுப்பணப் புகார் வெடித்ததும் அது கைவிடப்பட்டது. புகாரை விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் விசாரணை நடக்கும்போதே கட்டுமானத்தைத் தொடர ஒரு வழி காணாததால், தேர்ச்சி பெற்ற வெல்டர்களும் ஃபிட்டர்களும் வரைபடக்காரர்களும் வேறு வேலைக்குச் சிதறிப் போனார்கள். அடுத்த ஒப்பந்தம் வந்தது ஷங்குல் சேர்ந்து பதினோரு ஆண்டு கழித்து, 2005ல். கற்றதையெல்லாம் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. இதே தவறைப் பிரிட்டனும் செய்தது. வேன்கார்ட் வகைக்கும் அஸ்ட்யூட் வகைக்கும் இடையில் வேலை வறண்டு போனதில் பாரோ தளத்தின் வடிவமைப்பாளர்கள் கலைந்தார்கள். 1997ல் ஆர்டர் செய்த அஸ்ட்யூட் 2010ல்தான் சேர்ந்தது. நடுவில் அமெரிக்க நீர்மூழ்கித் தளத்தின் பொறியாளர்களை உதவிக்கு அழைக்க வேண்டி வந்தது.

கொள்முதல் முடிச்சு ஒன்றும் இருக்கிறது, வெளியே அதிகம் பேசப்படாதது. டீசல் எஞ்சின், மோட்டார் போன்ற பெரிய கருவிகள் வளையங்களை மூடுவதற்கு முன்பே உள்ளே போயாக வேண்டும். ஒரு பம்புக்கான ஆர்டர் ஆறு மாதம் தள்ளினால் அந்த வளையம் ஆறு மாதம் திறந்தே கிடக்கும். பின்னால் வர வேண்டிய குழாயும் கேபிளும் வரிசையில் நிற்கும். கல்வரி வகைக் கப்பல் ஒன்றில் சுமார் 60 கிலோமீட்டர் கேபிளும் 11 கிலோமீட்டர் குழாயும் ஓடுகின்றன, 67.5 மீட்டர் நீளத்துக்குள். ஆட்களைக் கூட்டி வேகப்படுத்தலாமே என்றால், இரண்டு பேர் தோளோடு தோள் நிற்க முடியாத இடத்தில் மூன்றாவது ஆளை எங்கே நிறுத்துவது? தளமே வாங்க வேண்டிய பொருள்களின் கொள்முதல் இழுத்ததைக் கல்வரித் தாமதத்தின் காரணங்களில் ஒன்றாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 18,798 கோடியில் தொடங்கிய திட்டம் 2010ல் 23,562 கோடி ஆனது.

வடிவமைப்பில் அதிகம் பேசப்படுவது ஏ.ஐ.பி. வெளிக்காற்று இல்லாமல் மின்சாரம் உண்டாக்கும் அமைப்பு. அது எதற்கு என்பது தெளிவானால்தான் அதற்காகக் காத்திருப்பது சரியா என்று சொல்ல முடியும். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். ஆழத்தில் இருக்கும்போது கப்பல் பேட்டரியில் ஓடுகிறது. கல்வரியில் 360 செல்கள், ஒவ்வொன்றும் 750 கிலோ. பேட்டரி மட்டுமே 270 டன். வேகத்தை இரட்டிப்பாக்கினால் சக்தி சுமார் எட்டு மடங்கு வேண்டும். ஆகவே மணிக்கு நான்கு கடல் மைல் வேகத்தில் சில நாள் தாங்கும் பேட்டரி, இருபதில் ஒரு மணி நேரம் போல்தான் தாங்கும். பிறகு ஸ்நார்க்கல் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி எஞ்சினை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். எஞ்சின் சத்தம், புகையின் சூடு, ரேடாரில் தெரியும் குழாய் என எதிரி தேடுவதெல்லாம் அந்த நேரத்தில் வெளியே தெரியும். ஏ.ஐ.பி. இருந்தால் மெதுவான ரோந்தில் இரண்டு வாரம் போல் அந்தக் குழாயை நீட்டாமல் இருக்கலாம். அது தருவது சில நூறு கிலோவாட் மட்டுமே. துரத்தவோ தப்பி ஓடவோ அது உதவாது, அதற்குப் பேட்டரிதான்.

அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கும் ஏ.ஐ.பி. பாஸ்பாரிக் அமில எரிபொருள் கலத்தில் ஓடுவது. எரிபொருள் கலம் என்பது ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தருவது. ஜெர்மன் கப்பல்கள் ஹைட்ரஜனை உலோக ஹைட்ரைடு உருளைகளில் சுமந்து செல்கின்றன. உருளையின் எடையில் ஹைட்ரஜன் நூற்றுக்கு இரண்டு பங்கு போலத்தான், மீதி உலோகம். நம்முடையது சோடியம் போரோஹைட்ரைடிலிருந்து ஹைட்ரஜனைக் கப்பலிலேயே உண்டாக்குகிறது. ஹைட்ரஜனைச் சேமித்து வைக்கும் ஆபத்து இல்லை என்பது பெரிய லாபம். இதைக் கல்வரி வரிசையின் ஐந்தாவது, ஆறாவது கப்பல்களில் பொருத்துவதாகத் திட்டம். ஆனால் தரையில் வைத்த மாதிரி வெற்றிகரமாக ஓடியது 2021 மார்ச்சில். ஐந்தாவதான வாகிர் 2020 நவம்பரிலேயே தண்ணீரில் இறங்கிவிட்டது. கப்பலை நிறுத்தி வைக்காமல் இருந்தது சரியான முடிவு என்பேன். நிறுத்தியிருந்தால் ஏ.ஐ.பி.யும் இல்லை, கப்பலும் இல்லை.

இப்போது பெரிய சீரமைப்பின்போது பொருத்துவதாக ஏற்பாடு. ஏ.ஐ.பி. துண்டைக் கட்டிக் கப்பலில் இணைக்க 2024 டிசம்பரில் 1,990 கோடிக்கு ஒப்பந்தம். எளிதாகச் சொல்லிவிடலாம், செய்வது எளிதல்ல. கூட்டைக் குறுக்கே வட்டமாக வெட்டி இரண்டாகப் பிரித்து, நடுவில் புதுத் துண்டைச் செருகி, இரண்டு பக்கமும் வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டும் கோட்டைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு கேபிளையும் குழாயையும் கழற்றி, நீட்டி, மறுபடி இணைத்துச் சோதிக்க வேண்டும். செருகும் துண்டு தான் விலக்கும் நீரின் எடைக்குச் சமமாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் முழுக்க எடைச் சமநிலை மாறும். திரவ ஆக்சிஜன் தீரத் தீர ஏற்படும் எடை மாற்றத்துக்குத் தொட்டிகளில் இடம் வேண்டும். நீளம் கூடுவதால் உச்ச வேகம் குறையும், திரும்பும் வட்டம் பெரிதாகும். கடைசியில் ஆழச் சோதனை முழுவதையும் முதலிலிருந்து நடத்த வேண்டும். துறைமுகத்தில் திரவ ஆக்சிஜன் நிரப்பும் வசதி தனி வேலை.

75-ஐ திட்டத்தில் கடலில் ஓடி நிரூபித்த ஏ.ஐ.பி. வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். நிபந்தனை நியாயமானது. விளைவு, போட்டியாளர்கள் சுருங்கினார்கள். தங்கள் எரிபொருள் கலம் கடலில் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி பிரெஞ்சு நிறுவனம் 2022ல் விலகியது. ஜப்பான் வேறு வழியில் போனது. 2020ல் சேர்ந்த ஓர்யூ கப்பலில் ஏ.ஐ.பி.யை எடுத்துவிட்டு லித்தியம்-அயன் பேட்டரியை வைத்தார்கள். அது சீக்கிரம் சார்ஜ் ஏறும், வேகமாக ஓடும்போதும் கொள்ளளவு அதிகம் குறையாது. ஒரு செல் சூடேறித் தீப்பிடித்தால் பக்கத்து செல்லுக்குப் பரவாமல் தடுப்பதுதான் அதில் கடினமான பகுதி. ஈய-அமில பேட்டரியிலும் ஆபத்து உண்டு. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்தைத் தொட்டாலே எரியும் நிலை.

எடையில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயின் சாட்சி. எஸ்-80 வகையின் முதல் கப்பல் ஐசக் பெரல் கட்டுமானத்தில் இருக்கும்போது, 2013ல், எடை 75 முதல் 100 டன் வரை கூடியிருப்பது தெரிந்தது. மூழ்கினால் மேலே வருவது சந்தேகம் என்ற நிலை. 71 மீட்டர் கப்பலை 81 மீட்டராக நீட்டினார்கள். நீட்டிய பிறகு கார்ட்டஹீனா தளத்தின் நிறுத்துமிடம் போதவில்லை, அதையும் பெரிதாக்க வேண்டி வந்தது. கப்பல் 2023 நவம்பரில் சேர்ந்தது, ஏ.ஐ.பி. இல்லாமல். அதனால்தான் அனுபவமுள்ள வடிவமைப்பாளர் தொடக்கத்திலேயே ஈயக் கட்டிகளை எடை ஒதுக்கீடாக வைத்துக்கொள்வார். முப்பது ஆண்டில் சோனாரும் (ஒலியால் தேடும் கருவி) ஆயுதமும் மாறும். புதியதன் எடைக்கு ஏற்ப ஈயத்தை வெளியே எடுக்கலாம். ஒப்பந்தத்தில் இந்த ஒதுக்கீடு எத்தனை டன் என்று கேட்பது, நீருக்குள் பாய்ந்து தாக்கும் டார்பிடோ எத்தனை என்று கேட்பதைப் போலவே முக்கியம்.

டார்பிடோ என்றதும் ஒரு வேதனை. கல்வரி வகைக்கு இத்தாலிய பிளாக் ஷார்க் டார்பிடோவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதே குழுமத்தின் ஹெலிகாப்டர் ஊழல் புகாரால் 2016ல் அந்தக் கொள்முதல் கைவிடப்பட்டது. கப்பல்கள் பழைய ஜெர்மன் டார்பிடோக்களைப் புதுப்பித்து ஏற்றிக்கொண்டு சேவைக்கு வந்தன. புதிய கன ரக டார்பிடோவைக் கப்பலின் அமைப்போடு இணைக்கும் 877 கோடி ஒப்பந்தம் போடப்பட்டது 2024 டிசம்பரில், கல்வரி சேர்ந்து ஏழு ஆண்டு கழித்து. ஆயுதத்தைத் தனி டெண்டராகப் பிரித்தால் மாற்று ஒன்றையும் சேர்த்தே தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும்.

நடுவழியில் வடிவமைப்பை மாற்றுவதில் ஆஸ்திரேலியாவை மிஞ்சியவர் இல்லை. 2009ல் பன்னிரண்டு புதிய நீர்மூழ்கிகள் என்று அறிவித்து, 2016ல் பிரெஞ்சு வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்து, 2021 செப்டம்பரில் அதை ரத்து செய்து அணுசக்திக்கு மாறினார்கள். பிரெஞ்சு நிறுவனத்துக்கு 55.5 கோடி யூரோ இழப்பீடு போனது. 1996ல் தொடங்கிச் சேர்ந்த ஆறு காலின்ஸ் கப்பல்களின் ஆயுளை நீட்டிக்க வேண்டியதாகிவிட்டது. அணுசக்தி நீர்மூழ்கி பல மாதம் மூழ்கியிருக்கும், வேகமும் குறையாது. அதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதன் காலம் வேறு அளவு. நம் அணுசக்தி நீர்மூழ்கி அரிஹந்துக்கான மாதிரி அணு உலை கல்பாக்கத்தில் 2006ல் இயங்கு நிலைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. கப்பல் கடற்படையில் சேர்ந்தது 2016ல்.

செய்தித்தாளில் "புதிய நீர்மூழ்கிகளுக்கு ஒப்புதல்" என்று படிக்கும்போது எந்தப் படி என்று பாருங்கள். பாதுகாப்புக் கொள்முதல் குழு தேவையை ஏற்பது முதல் படி. டெண்டர், சோதனை, விலைப் பேச்சு, அமைச்சரவைக் குழு ஒப்புதல் எல்லாம் முடிந்து கையெழுத்தாகும் நாளில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. எஃகு வெட்டுதல், தண்ணீரில் இறக்குதல், கடல் சோதனை அதற்குப் பிறகு. தண்ணீரில் இறக்கியதைக் கப்பல் தயார் என்று எழுதுகிறார்கள். கல்வரி மிதக்க விடப்பட்டது 2015 அக்டோபரில். சேவைக்கு வர மேலும் இரண்டு ஆண்டு ஆனது.

மேலும் மூன்று ஸ்கார்பீன்களுக்கு 2023 ஜூலையில் முதல் படி ஒப்புதல் கிடைத்தது. வாக்ஷீர் தண்ணீரில் இறங்கியது 2022 ஏப்ரலில். அதன் கூட்டில் வெல்டிங் முடிந்தது அதற்கும் முன்னால். இந்த வேலையில் ஆறு மாதம் கை வைக்காத வெல்டரின் தகுதிச் சான்று காலாவதியாகிவிடும் என்பது உலக நடைமுறை. சான்றை மறுதேர்வில் புதுப்பிக்கலாம். ஆனால் ஷங்குலுக்குப் பிறகு நடந்ததுபோல் ஆட்களே கலைந்துவிட்டால் தேர்வு எழுத யாரும் இருக்க மாட்டார்கள். ஏ.ஐ.பி. துண்டும் ஷங்குஷ் சீரமைப்பும்தான் இப்போதைக்கு அவர்களைத் தளத்தில் பிடித்து வைத்திருக்கும் வேலை.