அரசு ஆஸ்பத்திரி பிரசவம்: எதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டாம்?

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் ஏழைக் குடும்பங்கள் கடன் வாங்குகின்றன. வண்டி வாடகை, வெளியில் எடுத்த ஸ்கேன், சீட்டில் எழுதிக் கொடுத்த மருந்து என்று கைக்காசு கரைந்துவிடுகிறது. இந்தச் செலவுகளுக்காகவே 2011 ஜூனில் மத்திய அரசு ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தைத் தொடங்கியது.

இதற்கு வருமானச் சான்று தேவையில்லை. எத்தனையாவது பிரசவம் என்றும் பார்ப்பதில்லை. சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, ஊசி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ரத்தம், எல்லாம் இலவசம். தாய்க்குச் சாப்பாடும் உண்டு: சுகப்பிரசவம் என்றால் 3 நாள், சிசேரியன் என்றால் 7 நாள் வரை. பிறந்த 30 நாளுக்குள் குழந்தைக்கு நோய் வந்தாலும் இதே சலுகைதான். பிறகு அதை ஒரு வயது வரை நீட்டினார்கள்.

பலரும் கேட்காமல் விடுவது வண்டியைத்தான். ஆஸ்பத்திரிக்கு வர 108. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அதற்கும் காசில்லை. வீடு திரும்பவும் வண்டி உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு 102. பச்சைக் குழந்தையோடு, தையல் போட்ட வயிற்றோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் தாய்மார்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வருமுன்பே வார்டு நர்ஸிடம் வண்டி கேளுங்கள்.

வண்டியே ஏறாத மலைக்கிராமம் என்றால், வலி வந்தபின் தொட்டில் கட்டித் தூக்கி இறங்குவது உயிருக்கு ஆபத்து. மலைப்பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவ காத்திருப்பு அறை இருக்கிறது. நாள் நெருங்கும்போதே துணைக்கு ஒருவரோடு வந்து தங்கலாம். உங்கள் பகுதியில் எங்கே இருக்கிறது என்று கிராம நர்ஸிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மாதவிலக்கு தள்ளிப்போனதும் கிராம நர்ஸிடம் பெயர் பதிந்து, கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள். தமிழ்நாடு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி தனித் திட்டம். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து 18,000 ரூபாய். அதற்கும் இந்த எண் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும்.

"பையன் பிறந்திருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கை நீட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளவும் கேட்பார்கள். அது கட்டணமே அல்ல, லஞ்சம். கொடுக்காதீர்கள். கொடுக்காததால் தாயையோ பிள்ளையையோ கவனிக்காமல் விட்டால் நிலைய மருத்துவ அலுவலரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள், அல்லது 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.