குறுகிய காலப் படைப்பணி: பதினோராம் ஆண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

நிதி ஆலோசகர் என்ற முறையில், பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில் உள்ள பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் அடிக்கடி சந்திக்கிறேன். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வருபவர்களில் பலர் ராணுவ அதிகாரிப் பணியைப் பற்றிக் கேட்கிறார்கள். கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கொருவரைப் படைக்கு அனுப்பிய ஊர்கள் உள்ள வட்டாரம் அது. அவர்கள் மனத்தில் வைத்துப் பேசுவது தாத்தாவையோ பெரியப்பாவையோதான்: சிப்பாயாகச் சேர்ந்து, பல ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவர்கள். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி வழியாக இன்று பட்டதாரிக்குக் கிடைக்கும் குறுகிய காலப் பணி அப்படிப்பட்டதன்று.

யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வில் இந்த அகாடமிக்கு விண்ணப்பிப்பவர் ஆங்கிலம், பொது அறிவு ஆகிய இரு தாள்களை எழுதினால் போதும். கணிதத் தாள் கிடையாது. என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் பெற்றவர்களுக்கும் பொறியியல் பட்டதாரிகளுக்கும் எழுத்துத் தேர்வில்லாத தனி வழிகள் உண்டு. படைப்பணித் தேர்வு வாரியம் (எஸ்.எஸ்.பி.) நடத்தும் ஐந்து நாள் நேர்காணலையும் மருத்துவப் பரிசோதனையையும் கடந்து, தகுதிப் பட்டியலிலும் இடம்பெற்றால் 49 வாரப் பயிற்சி தொடங்கும். பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை வழங்கப்படுகிறது. லெப்டினன்ட் ஆனதும் அதே தொகை அடிப்படை ஊதியமாகி, அதனுடன் 15,500 ரூபாய் படைப்பணி ஊதியமும், இவ்விரண்டின் மீதும் அகவிலைப்படியும் சேரும். 2 ஆண்டில் கேப்டன், 6 ஆண்டில் மேஜர். உடன் படித்தவர் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆண்டுக்கு மூன்றரை இலட்சத்தில் வேலையைத் தொடங்கும்போது, இவருடைய உதவித்தொகையே ஏறத்தாழ ஆறே முக்கால் இலட்சம் என்பது குடும்பத்தார் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது இயல்பே.

ஆனால் இப்பணி 10 ஆண்டுகளுக்கானது. விரும்பினால், அனுமதி கிடைத்தால், மேலும் 4 ஆண்டுகள் நீட்டிக்கலாம். அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் கிடைக்க 20 ஆண்டுப் பணி தேவைப்படுவதால், 14 ஆண்டு முழுமையாகப் பணியாற்றியவருக்கும் பணிக்கால ஓய்வூதியம் இல்லை. மத்திய அரசின் குடிமைப் பணிகளில் 1.1.2004 முதல் சேர்ந்தவர்களுக்கு உள்ள தேசிய ஓய்வூதியத் திட்டம் முப்படையினருக்குப் பொருந்தாது. ஆகவே, தனியார் நிறுவன ஊழியரின் பி.எஃப். கணக்கில் முதலாளி செலுத்தும் பங்கைப் போன்ற ஒன்றுகூட இவருக்குச் சேர்வதில்லை. அதிகாரிகளுக்கான வருங்கால வைப்பு நிதியில் இருப்பது அவர் தம் ஊதியத்திலிருந்து போட்ட பணமும் அதன் வட்டியும் மட்டுமே. பணிக்கொடை, குழுக் காப்பீட்டின் முதிர்வுத் தொகை ஆகியவை விடுவிப்பின்போது கிடைக்கும். அவை உதவும், ஆனால் வாழ்நாள் முழுவதற்கும் போதுமானவையல்ல.

நான் மிகுதியாகக் கவலைப்படுவது வீட்டுக் கடனைப் பற்றித்தான். மகன் அல்லது மகள் லெப்டினன்ட் ஆன ஓரிரு ஆண்டுகளிலேயே, அரசு வேலை என்ற நம்பிக்கையில், 20 ஆண்டுத் தவணையில் கடன் வாங்கி ஊரில் வீடு கட்டத் தொடங்குகிறார்கள். வங்கி மறுக்காமல் கொடுத்துவிட்டது என்பதே அந்தக் கடன் நமக்குத் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. பத்தாம் ஆண்டில் ஊதியம் நிற்கும்போது பாதித் தவணைகளுக்கு மேல் மிச்சமிருக்கும். தொடக்க ஆண்டுகளில் கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்கே போயிருக்கும். தங்கை திருமணச் செலவும் அதே ஊதியத்தை நம்பியே திட்டமிடப்படுகிறது. முதல் சம்பளம் வந்தவுடன் உறவினர் ஒருவர் வழியாக வந்து சேரும், இருபது இருபத்தைந்து ஆண்டுகள் பிரீமியம் கட்ட வேண்டிய காப்பீட்டுப் பாலிசிகளும் இதே வகையைச் சேர்ந்தவை. பணிக்காலத்தைத் தாண்டி ஓடும் எந்தத் தவணையிலும் கையெழுத்திட வேண்டாம் என்றே அனைவரிடமும் வற்புறுத்துகிறேன்.

உண்ண உணவும் தங்க இடமும் பெருமளவு பணியிலேயே கிடைப்பதால், சிக்கனமாக இருக்கும் இளம் அதிகாரியால் கணிசமாகச் சேமிக்க முடியும். மாதம் 25,000 ரூபாயை மேற்சொன்ன வருங்கால வைப்பு நிதியில் 10 ஆண்டுகள் விடாமல் செலுத்தி, 7.1 விழுக்காடு வட்டி மாறாமல் இருந்தால், முடிவில் சுமார் 43 இலட்சம் ரூபாய் கையில் இருக்கும். இதே சேமிப்பைத் திருமணத்துக்குப் பிறகு, ஐந்தாம் ஆண்டில் தொடங்கலாம் என்று தள்ளிப்போட்டால் ஏறத்தாழப் பாதிதான் சேரும்.

இன்னொன்றைப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை; நானே எடுத்துச் சொல்கிறேன். பயிற்சியின்போது கடுமையாகக் காயமுற்று மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படும் கேடட்டுக்கு (பயிற்சியில் இருப்பவருக்கு) முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது. ஓய்வூதியத்துக்குப் பதிலாகக் கருணைத் தொகையே மாதந்தோறும் வழங்கப்படுகிறது. தாமாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அகாடமிக்குச் செல்லும் முன் கல்விக் கடனுக்கு யார் பொறுப்பு என்பதைக் குடும்பம் இதையும் மனத்தில் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

சிப்பாய் நிலையில் ஆள் சேர்க்கும் அக்னிவீர் திட்டத்தைக் கேட்டு வரும் பட்டதாரிகளும் உண்டு. 4 ஆண்டுப் பணி, முதலாண்டில் 30,000 ரூபாயில் 9,000 பணி முடிவில் மொத்தமாகத் தரப்படும் சேவா நிதிக்குப் போகக் கையில் 21,000, முடிவில் சுமார் 11.71 இலட்சம், தொடர்ந்து பணியில் இருக்க வாய்ப்பு 25 விழுக்காட்டினர் வரைக்கும். அதிகாரித் தேர்வுக்குத் தகுதியுள்ள பட்டதாரி முதலில் அதற்கு முயல வேண்டும் என்பதே என் கருத்து.

பத்தாம் ஆண்டில் நிரந்தரப் பணி கேட்கலாம். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் பெண் அதிகாரிகளுக்கும் அவ்வாய்ப்பு விரிந்திருக்கிறது. ஆனால் அது தேர்வுக்கு உட்பட்டது என்பதால், வெளியே வரும் நாளை நினைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு. சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), பொறியியல் பிரிவுகளில் பணியாற்றியவர் தம் தொழில்நுட்பத் தொடர்பைக் காத்துக்கொள்வது எளிது. மற்றப் பிரிவினர் நிர்வாகப் பணிகளையே நாட வேண்டியிருக்கும். அவர்களுக்காக மறுவாழ்வு இயக்குநரகம் ஐ.ஐ.எம்.களில் 24 வார மேலாண்மைப் படிப்புகளை நடத்துகிறது. குடிமைப் பணித் தேர்வை எண்ணியிருப்பவர், குறைந்தது 5 ஆண்டுப் படைப்பணியை முறையாக முடித்து விடுவிக்கப்பட்டால் வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வு உண்டு என்பதையும், பொதுப் பிரிவுக்கு வரம்பு 32 என்பதையும் வைத்து, எந்த வயதில் படையில் சேர்ந்தால் எத்தனை முறை தேர்வெழுத முடியும் என்று இப்போதே தாளில் போட்டுப் பார்க்கட்டும்.