காய்ச்சலுக்குக் குளிசை வாங்கும் முன்

கொழும்பு வெள்ளவத்தையில் மருந்தாளராகப் பணிபுரியும் எனக்கு மழைக்காலத்தில் அடிக்கடி கேட்கும் குரல், "தம்பி, காய்ச்சலும் உடம்பு நோவும், நல்ல குளிசையா ரெண்டு தாங்கோ" என்பதாகும். அண்மையில் அப்படி வந்த ஓர் அம்மா, சிறிய கடதாசி உறையொன்றைப் பிரித்து, முன்பு தமது முழங்கால் நோவுக்கு வாங்கிய குளிசைகளை, இரண்டு நாட்களாகக் காய்ச்சலில் கிடக்கும் மகனுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டார். கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைத்துண்டில் காலாவதித் திகதி இல்லை. பெயரிலும் பாதிதான் எஞ்சியிருந்தது. எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தபோது அது டைக்ளோபெனக் எனத் தெரிந்தது.

கொழும்பில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் இரத்தம் உறைய உதவும் இரத்தத்தட்டுகள் குறையும் நேரத்தில் டைக்ளோபெனக், ஐபுபுரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் போன்றவை இரைப்பையைப் புண்படுத்தி இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை என்பதால், காரணம் தெரியும் வரை பரசிற்றமோல் ஒன்றே போதும். இதயநோய்க்காக நாளாந்தம் அஸ்பிரின் எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல் உடனே வைத்தியரிடம் கேட்க வேண்டும். காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து தொடங்கலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. அந்நேரத்தில் வயிற்றுநோவு, தொடர்ந்த வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வைத்தியசாலைக்குச் செல்வதைத் தாமதிக்கக் கூடாது.

பரசிற்றமோலுக்கும் எல்லை உண்டு. வளர்ந்த ஒருவர் 500 மில்லிகிராம் குளிசைகளை 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் எடுக்கக் கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயாளிகளுக்கும் அதுவே அதிகம். பனடோல் என்ற பெயரில் வரும் பரசிற்றமோலை எடுத்துக்கொண்டே தடிமன் குளிசையையும் விழுங்குபவர்கள், பின்னதிலும் பெரும்பாலும் பரசிற்றமோல் கலந்திருப்பதை அறியாமலேயே ஈரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு வயதைவிட நிறையே கணக்கு: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. பாணி மருந்தைச் சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள்.

உதிரியாக வாங்கும்போது மருந்தின் பெயரையும் காலாவதித் திகதியையும் உறையில் எழுதித் தரும்படி தயங்காமல் கேளுங்கள். எழுதித் தருவது எங்கள் கடமை.

அந்த அம்மாவுக்குப் பரசிற்றமோலைக் கொடுத்து, அளவையும் நேரத்தையும் உறையில் எழுதி, மறுநாள் காலை மகனை வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்விக்கும்படி சொன்னேன். வெட்டிய அட்டைத்துண்டை அவர் என்னிடமே விட்டுச் சென்றார்.