'புரிந்ததா?' என்று கேட்டால் போதாது

ஆழ்கடல் மீன்களைப் பற்றி ஒரு சின்னப் பத்தி. கடலின் அடியில் துளி வெளிச்சமும் கிடையாது என்கிறது ஒரு வரி. அங்கே வாழும் சில மீன்கள் நிறத்தை வைத்துத்தான் தங்கள் இரையை அடையாளம் காணும் என்கிறது அடுத்த வரி. கும்மிருட்டில் நிறம் எப்படித் தெரியும்? எல்லன் மார்க்மன் என்ற உளவியலாளர் இப்படி வேண்டுமென்றே முரண்பாடு வைத்த பத்திகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டி, புரியும்படி இருக்கிறதா என்று கேட்டார். 1979-இல் வெளிவந்த ஆய்வு அது. பிள்ளைகளில் பெரும்பாலோர் முரண்பாட்டைக் கவனிக்கவே இல்லை. எல்லாம் புரிகிறது என்று உண்மையாகவே நம்பினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பத்தியில் ஏதோ தவறு இருக்கிறது, தேடுங்கள் என்று முன்கூட்டியே சொன்னபோது, பெரிய வகுப்புப் பிள்ளைகள் முன்பைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். ஆக, திறமை அவர்களிடம் இருந்தது. யாரும் கேட்காமலே அதை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கத்தை வகுப்பறையில் வளர்க்கும் வழிதான், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பக் கூர்ந்து படிக்கும் நுண்வாசிப்பும் அன்றாட எழுத்தும்.

வாசிக்கும்போது மூளை பல தளங்களில் வேலை செய்கிறது. சொற்களை அடையாளம் காண்பது ஒன்று, வாக்கியத்தின் பொருளைப் பிடிப்பது இன்னொன்று. அதற்கும் மேலே, வாக்கியங்களை ஒன்றோடொன்று சேர்த்து, ஏற்கனவே தெரிந்ததோடு பொருத்தி, மனதுக்குள் ஒரு காட்சியைக் கட்டிக்கொள்வது. வால்டர் கின்ட்ச் என்ற ஆய்வாளர் இதைச் 'சூழல் மாதிரி' என்றார். மீன் பத்தியைக் கேட்ட பிள்ளைகள் இரண்டாம் தளத்தோடு நின்றுவிட்டார்கள் என்று சொல்லலாம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு வரியிலும் சிக்கல் இல்லை. சேர்த்துப் பார்த்தால்தான் உதைக்கும். ஆனால் சேர்த்துப் பார்க்க, இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்திருக்க வேண்டுமே! யோசிக்கும்போது விஷயங்களைச் சற்று நேரம் பிடித்துவைக்கும் நம் செயல்நினைவில் ஒரே சமயத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்களுக்குத்தான் இடம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அந்த இடமெல்லாம் எழுத்துக்கே சரியாகப் போய்விடும்.

அதனால்தான் நுண்வாசிப்புக்குப் பத்தி சின்னதாக இருக்க வேண்டும். அரைப் பக்கம் போதும், ஆனால் பல முறை படிக்க வேண்டும். முதல் முறை என்ன சொல்கிறது என்று பார்ப்பது. அடுத்தடுத்த முறைகளில் அதை எந்தச் சொல் சொல்கிறது, எது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்று தேடுவது.

'அன்று அவனும் வந்திருந்தான்' என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். 'அவன்' என்றிருந்தால் ஒருவன் வந்தான், அவ்வளவுதான். அந்த 'உம்' வந்ததும் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. இவன் வருவான் என்று எதிர்பார்க்கவில்லையோ என்றும் தோன்றுகிறது. இலக்கண வகுப்பில் இதை எச்சவும்மை என்று மனப்பாடம் செய்வதைவிட, ஒரு கதையின் நடுவே அதைக் கையும் களவுமாகப் பிடிப்பதில் பிள்ளைக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி பெரிது. இங்கே ஆசிரியர் விளக்கம் சொல்லிவிடக் கூடாது. 'உனக்கு அப்படித் தோன்ற எந்தச் சொல் காரணம்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் கடினமான பகுதி.

பத்தியைத் தவிர வேறெதையும் மாணவருக்குச் சொல்லவே கூடாது என்று கறாராக நிற்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தியைத் தலைப்புச் சொல்லாமல் சிலருக்குக் கொடுத்தார்கள் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும். 1972-இல் வந்த ஆய்வு. எளிய சொற்கள்தான், ஆனாலும் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தலைப்பை முன்பே அறிந்தவர்களுக்கு நன்றாகப் புரிந்தது, நினைவிலும் நின்றது. படித்து முடித்த பிறகு தலைப்பைச் சொன்னபோது பயனில்லை. தேவையான பின்னணியை ஓரிரு வரியில் முதலிலேயே கொடுத்துவிடுவதுதான் பிள்ளைக்குச் செய்யும் நியாயம்.

சரி, எழுத்து எங்கே வருகிறது? புத்தகத்தை மூடிய பிறகு. ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பாடப் பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதியவர்களுக்குச் சுமார் 61 சதவீதம்.

நினைவோடு இது நிற்பதில்லை. எழுதும்போது இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே 'அதனால்' போடுவதா, 'ஆனால்' போடுவதா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். 'அங்கே வெளிச்சமே இல்லை. அதனால் மீன்கள் நிறத்தைப் பார்த்து...' என்று எழுதத் தொடங்கும் பிள்ளையின் பேனா அந்த இடத்தில் தயங்க வாய்ப்பு உண்டு. படிக்கும்போது கண் தாண்டிப் போன முரண்பாடு அங்கே வந்து மாட்டும். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதில் இந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. அதனால் அதை நான் எழுத்துப் பயிற்சியாகக் கணக்கில் எடுப்பதில்லை.

தினமும் ஏன்? எழுத்தின் வடிவமும் எழுத்துப்பிழையும் பற்றிய யோசனை செயல்நினைவை அடைத்துக்கொள்ளும்வரை கருத்துக்கு இடம் கிடைக்காது. கை தானாக ஓடும் நிலை அடிக்கடி எழுதுவதால்தான் வரும். பத்து நிமிடம் போதும். நாற்பது நோட்டுகளையும் தினமும் திருத்த யாராலும் முடியாது, திருத்தவும் வேண்டாம். நாளுக்கு ஏழெட்டு நோட்டுகளைப் படித்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு கேள்வி எழுதினால், பிள்ளை அடுத்த நாள் பதில் எழுதும்.

அப்புறம், ஒவ்வொரு நாளும் கடைசி வரியில் 'எனக்கு விளங்காத ஓர் இடம்' என்று ஒன்றைக் குறிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு மதிப்பெண் கூடாது. முதல் சில வாரங்கள் அங்கே 'எல்லாம் புரிந்தது' என்று வந்தால் ஆசிரியர் மனம் தளர வேண்டியதில்லை. என்றாவது ஒரு நாள் ஒரு நோட்டில் 'மூன்றாம் வரியில் ஆனாலும் என்று ஏன் வருகிறது?' என்று இருக்கும். மறுநாள் பாடத்தை அந்த வரியிலிருந்தே தொடங்கலாம்.