புது வெர்ஷன் போடும் முன் பழைய ஃபைலைத் திறந்து பாருங்கள்

போன வாரம் இரவு பத்தரை மணிக்கு ஒரு போன். "அண்ணாச்சி, ராகு காலம், எமகண்டம் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா வருது. காலையில பிளேட் போடணும்." பிளேட் என்றால் மெஷினில் மாட்டி அச்சடிக்கிற தகடு. குரலிலேயே பதற்றம். சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கும் சின்ன அச்சகம் அது. ஆடிப்பெருக்குக்கு புது வருடக் காலண்டர் மாடல்களின் ஆல்பம் வந்து, ஆர்டர் குவிந்துகொண்டிருக்கிற நேரம். யாரோ ஒரு விற்பனையாளர் தள்ளுபடி விலை என்று சொன்னதை நம்பி, மூன்று கம்ப்யூட்டரிலும் ஒரே நாளில் வடிவமைப்பு மென்பொருளின் பழைய வெர்ஷனை எடுத்துவிட்டுப் புதிய வெர்ஷனைப் போட்டிருக்கிறார்கள். இடம் வேண்டும் என்று பழைய டிஸ்க்குகளையும் ஃபார்மேட் செய்திருக்கிறார்கள்.

இந்த வருடத்தில் எனக்கு வந்த நான்காவது போன் இது. இருபத்திரண்டு வருடமாக ப்ரீ-பிரஸ், அதாவது அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைத் தயார் செய்கிற வேலையில் இருக்கிறேன். மெஷின் பழுதால் ஒரு சீசன் கெட்டதைவிட, அவசரமாக வெர்ஷன் மாற்றிக் கெட்டதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன் செய்கிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அதே சாஃப்ட்வேர்தானே அண்ணாச்சி, பழைய ஃபைல் திறக்குதே, அப்புறம் ஏன் இப்படி?"

ஃபைல் திறக்கிறது என்றால், முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது என்று அர்த்தம் கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கல்யாண வீட்டில் சமையல்காரர் ஒரு சிட்டை எழுதிக் கொடுப்பார் அல்லவா? துவரம்பருப்பு இத்தனை கிலோ, மிளகாய் வற்றல் இத்தனை கிலோ என்று அதில் இருக்கும். பருப்பும் வற்றலும் அந்தத் தாளுக்குள் இருக்காது. உங்கள் பக்க வடிவமைப்பு ஃபைலும் அந்தச் சிட்டை மாதிரிதான். எழுத்துரு அதற்குள் இல்லை, அதன் பெயர் மட்டும் இருக்கிறது. படம் இல்லை, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற குறிப்பு இருக்கிறது. ஸ்பெஷல் கலர், அதாவது தனி மையாக அடிக்கிற கலர் என்றால் அதன் பெயர் இருக்கிறது. கடையை மாற்றிவிட்டுப் பழைய சிட்டையை நீட்டினால், புதுக் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் கட்டிக் கொடுப்பார்.

தமிழில் இது இரண்டு மடங்கு ஆபத்து. நம் அச்சகங்களில் இன்னமும் பாதிக்கு மேல் வேலை யூனிகோடுக்கு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு) முந்தைய எழுத்துருக்களில்தான் இருக்கிறது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லையென்றால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை. அது கண்ணுக்குத் தெரிந்துவிடும், பிழைத்துக்கொள்ளலாம். இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. பெயர் ஒன்றாகவும் உள்ளே எழுத்து அமைப்பு கொஞ்சம் வேறாகவும் இருக்கிற இன்னொரு பதிப்பு கம்ப்யூட்டரில் இருந்தால், எச்சரிக்கை எதுவும் வராது. பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஸ்ரீ இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வேறு ஏதோ ஒரு குறி உட்கார்ந்திருக்கும். அந்த அச்சகத்தில் இதைக் கண்டுபிடித்தது மெஷின்மேன், முதல் ஷீட்டில். அதற்குள் இரண்டு பிளேட் வீண்.

பிரச்சினையின் மூலம், அவர்களுடைய எழுத்துருக்கள் டைப் 1 என்ற பழைய வகை. பி.எஃப்.பி., பி.எஃப்.எம். என்று இரண்டு ஃபைல்களாக வருமே, அதுதான். நாம் பயன்படுத்தும் வடிவமைப்பு மென்பொருள்களைத் தயாரிக்கிற அடோபி நிறுவனம் இந்த வகைக்கான ஆதரவை ஃபோட்டோஷாப்பில் 2021இலேயே நிறுத்திவிட்டது. பக்கம் கோக்கிற இன்டிசைன், படம் வரைகிற இல்லஸ்ட்ரேட்டர் இரண்டுக்கும் 2023 ஜனவரியோடு முடிந்தது. முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தார்கள். ஆனால் மேம்படுத்துங்கள் என்று சொல்ல வருகிறவர்களில் ஒருவர்கூட நம் ஆட்களிடம் "உங்களிடம் என்ன எழுத்துரு இருக்கிறது?" என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதே எழுத்துரு இப்போதைய ஓபன்டைப் வகையில் கிடைத்தால் வாங்கலாம். அதற்கும் காசு, அதுவும் பல நேரம் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி. கொட்டேஷனில் இந்தச் செலவு வரவே வராது.

கலரிலும் இதே கதை. 2022 நவம்பரில் பெரும்பாலான பான்டோன் நூலகங்கள், அதாவது ஸ்பெஷல் கலர்களின் பட்டியல்கள், அடோபி மென்பொருள்களிலிருந்து நீக்கப்பட்டன. பழைய ஃபோட்டோஷாப் ஃபைலைத் திறந்தால் அந்தக் கலர் இருந்த இடம் கறுப்பாக வந்தது. லேபிளும் தீப்பெட்டியும் அடிக்கிற ஊரில் இது சின்ன விஷயமா?

சரி, அப்படியானால் மேம்படுத்தவே கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது என்று சொல்லவில்லை. பல சமயம் வேறு வழியே இருக்காது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. மேக் வைத்திருப்பவர்களுக்கு 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலேயே 32 பிட் என்ற பழைய வகை மென்பொருள்கள் நின்றுவிட்டன. அதைவிட முக்கியமாக, யூனிகோடு தமிழை ஒழுங்காகக் கோக்க வேண்டுமென்றால் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் உட்கார்ந்துகொண்டு முடியாது. இன்டிசைனில் தமிழ் உட்பட இந்திய மொழிகளின் எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கிற வேர்ல்ட்-ரெடி கம்போசர் வசதி 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பில்தான் சேர்ந்தது. இதை இயக்காமல் 'கொ' என்று அடித்துவிட்டு, கொம்பு தனியே பின்னால் நிற்கிறது, யூனிகோடே சரியில்லை என்று திட்டுகிறவர்களைத் தினம் பார்க்கிறேன். பாராகிராஃப் அமைப்பில் ஒரே ஒரு தேர்வை மாற்றினால் போதும்.

ஆக, கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். விலைப்பட்டியலைப் பார்த்துப் போடுவது பாதிக் கணக்கு. மீதிக் கணக்கை உங்கள் ஃபைல் அலமாரியில்தான் தேட வேண்டும். உங்களிடம் வருடா வருடம் திரும்பி வருகிற மேட்டர் எத்தனை? காலண்டர் சிலிப் (தினம் ஒன்றாகக் கிழிக்கிற தாள்), கல்யாணப் பத்திரிகை மாடல், பள்ளி டைரி, கோயில் மலர் எல்லாம் சேர்த்து 400 என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் புதிய பதிப்பில் திறந்து, எழுத்துரு மாற்றி, வரி ஓட்டம் சரிபார்த்து, ப்ரூஃப் எடுக்கக் கால் மணி நேரம் என்றே வைத்தாலும் 100 மணி நேரம் ஆகிறது. எட்டு மணி நேர நாளாக வகுத்தால் பன்னிரண்டரை நாள். உங்களிடம் இருக்கிற நல்ல ஆபரேட்டரின் பன்னிரண்டரை நாள் சம்பளத்தையும், அந்த நாட்களில் அவர் செய்யாமல் விட்ட வேலையையும் மென்பொருள் விலையோடு கூட்டுங்கள். பல பேருக்கு அந்தத் தொகை முதல் வருடச் சந்தாவைவிடப் பெரிதாக வரும்.

சந்தா என்றதும் இன்னொன்று. சி.எஸ்.6 தான் அடோபி ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு கொடுத்த கடைசித் தொகுப்பு. 2013இலிருந்து புதிய பதிப்புகள் எல்லாம் கிளவுட் சந்தாவில்தான். மாதாமாதம் கட்டுகிறோம், வேண்டாமென்றால் அடுத்த மாதம் நிறுத்திவிடலாம் என்று நினைத்துச் சேர்கிறார்கள். தயவுசெய்து எந்தத் திட்டம் என்று படியுங்கள். வருட ஒப்பந்தத்தில் மாதாமாதம் கட்டுவது ஒன்று, உண்மையிலேயே மாதச் சந்தா இன்னொன்று. முதல் வகையில் 14 நாட்களுக்குப் பிறகு நடுவில் நிறுத்தினால், மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டச் சொல்கிறார்கள். இந்தக் கட்டணம் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டிருந்தது என்று சொல்லி அமெரிக்க அரசே 2024 ஜூனில் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. சந்தாவோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பதிவு செய்த நிறுவனம் என்றால் கணக்கில் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து பில் வாங்குங்கள், உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். சொந்த மெயிலில் கணக்குத் திறந்து, சொந்தக் கார்டில் கட்டி, பில்லே இல்லாமல் இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

மூன்று கம்ப்யூட்டர் இருந்தால் மூன்றுக்கும் முழுத் தொகுப்பு எதற்கு? பக்கம் கோக்கிறவருக்கு இன்டிசைன் மட்டும் போதும். படம் வெட்டுகிறவருக்கு ஃபோட்டோஷாப் போதும். தனி மென்பொருள் சந்தாவே இருக்கிறது.

அடோபியை விட்டால் வழியில்லை என்பதும் பழைய பேச்சு. கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளை இன்றும் ஒரே தடவை காசு கட்டி வாங்கலாம். அதில் பழைய பதிப்புக்கு ஏற்றபடி சேமிக்கிற வசதி இருப்பதால், பார்ட்டிக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவே வெர்ஷன் சண்டை குறைவு. அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருள் வரிசையை 2024இல் கேன்வா நிறுவனம் வாங்கியது. 2025 அக்டோபரில் அந்த வரிசையின் மூன்று மென்பொருளையும் ஒன்றாக்கி இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். ஆங்கில வேலைக்கு அருமையான கருவி. ஆனால் அதன் முந்தைய பதிப்புகளில் இந்திய மொழி எழுத்துகள் ஒழுங்காகச் சேரவில்லை. அதனால் இலவசம் என்று கேட்டதும் குதிக்காமல், 'கொ', 'ஸ்ரீ', 'க்ஷௌ' மூன்றையும் யூனிகோடில் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எந்தப் புது மென்பொருளுக்கும் நான் முதலில் வைக்கிற பரீட்சை இதுதான்.

எனக்கு உண்மையிலேயே மதிப்பு கூடியிருப்பது பக்கம் கோக்கிற ஸ்கிரைபஸ் மேல். 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காகச் சேர்கிறது. அச்சின் நான்கு மை நிறங்களான சி.எம்.ஒய்.கே., அச்சுக்கென்றே உள்ள பி.டி.எஃப்./எக்ஸ் எல்லாம் உண்டு. முழுக்க இலவசம், கட்டற்ற மென்பொருள். பழைய பேஜ்மேக்கர் ஃபைலைக்கூட ஓரளவு திறக்கும். இன்டிசைன் அந்த வேலையை சி.எஸ்.6 வரை மட்டும்தான் செய்தது. கை பழக இரண்டு மாதம் பிடிக்கும், பொறுமை வேண்டும். இங்க்ஸ்கேப் லோகோ வரைய நல்லது. படம் திருத்துகிற கிம்ப் 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் நன்றாக முன்னேறியிருக்கிறது. ஆனால் இரண்டிலும் சி.எம்.ஒய்.கே.வில் நேரடியாக வேலை செய்து பிளேட்டுக்கு அனுப்பலாம் என்று நம்பி இறங்காதீர்கள்.

கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி போட்டுக்கொள்கிறேன் என்பவரிடம் நீளமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாளிலிருந்து மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். அதோடு, கிராக் ஓடுவதற்காக ஆன்டிவைரஸை நீங்களே அணைத்து வைக்கிறீர்கள். நல்ல சீசனில் எல்லா ஃபைலும் பூட்டப்பட்டுப் பணம் கேட்டு ஒரு செய்தி திரையில் நிற்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நாற்பது வயது மனிதர், நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். வேண்டாம்.

மேம்படுத்தத்தான் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். சீசனில் கை வைக்காதீர்கள். காலண்டர்காரர்கள் பொங்கல் கழிந்து பாருங்கள். முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பழையதை எடுக்கும் முன் அதிலேயே எல்லா மேட்டரையும் எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். ஆக எடுத்து வையுங்கள். டைப் 1 எழுத்துரு உள்ளே பொதிந்த பி.டி.எஃப். இன்றும் சிக்கலில்லாமல் அச்சாகும். திரும்பத் திருத்த வேண்டிய ஃபைல்களை பேக்கேஜ் செய்து, எழுத்துருவும் படமும் சேர்ந்து ஒரே ஃபோல்டரில் இருக்கும்படி வையுங்கள். புதியதில் சேமித்த இன்டிசைன் ஃபைலைப் பழையதில் திறக்க முடியாது, பழைய பதிப்புகளிலும் திறக்கிற ஐ.டி.எம்.எல். வடிவத்திலும் ஒரு பிரதி எடுங்கள். கிளவுட்டில் அப்டேட் கொடுக்கும்போது பழைய பதிப்பை நீக்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். டிக்கை எடுத்துவிடுங்கள். தானாக அப்டேட் ஆகும் வசதியை அணையுங்கள். அடோபி தன் கிளவுட்டில் இப்போதைய பதிப்பையும் அதற்கு முந்தைய பெரிய பதிப்பையும்தான் தருகிறது, பின்னால் போய்க் கேட்டால் கிடைக்காது. பிறகு உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான பத்து மேட்டரை எடுத்துப் புதியதில் திறந்து, பழைய அச்சுப் பிரதியோடு வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ப்ரூஃப் பார்ப்பவரையே உட்கார வையுங்கள், ஆபரேட்டருக்குத் தன் தவறு கண்ணில் படாது. பத்தும் தேறினால் அடுத்த கம்ப்யூட்டருக்குப் போங்கள்.

அன்றைக்கு அந்த அச்சகத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன ஆபரேட்டர், பழைய சிலிப் முழுவதையும் எழுத்துருவோடு ஒரு டிவிடியில் போட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போயிருந்தார். விடிகாலை மூன்று மணிக்கு அது கிடைத்தது. கோடவுனில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் பழைய மென்பொருள் அழியாமல் இருந்தது. 365 சிலிப்பையும் அதிலிருந்து பி.டி.எஃப். ஆக எடுத்து முடிக்க மறுநாள் மாலை ஆகிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டர் இப்போது இன்டர்நெட் இணைப்பு இல்லாமல், துணி போர்த்தி, ஆபரேட்டர் மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் கோடவுனிலும் அப்படி ஒன்று இருந்தால், பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிளக்கில் மாட்டிப் பாருங்கள்.